சுவரில் நான்கு திருகு ஓட்டைகள்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய ஆள் பழைய அலாரத்தைப் புதுப்பித்துவிட்டுப் போய் மூன்று வாரமாகிறது. சைரனையும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெரிய பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டார். ஒயர்களை விட்டுவிட்டு, இரண்டு கதவுகளிலும் எல்லா ஜன்னல்களிலும் தீப்பெட்டி அளவில் வெள்ளை சென்சார்களை ஒட்டினார். எல்லாம் இனி போனிலேயே என்று, கூடத்துச் சுவரில் இருந்த நம்பர் அமுக்கும் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

அன்றிலிருந்து இங்கே வாசல் கதவு திறந்தால் அங்கே உன் போன் அடிக்கிறது. அடுத்த நிமிஷம் என் போன் அடிக்கிறது. “அப்பா வெளிய போறாரு, நீ என்ன பண்ணிட்டிருக்கே?” ஒரே சாயங்காலத்தில் நான்கு முறை கேட்டாய். அடுப்படியில் இருந்தேன், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், ஒருமுறை கழிவறையில் இருந்தேன். அங்கேயும் ஒன்று ஒட்டிவிடச் சொல். ஆறு வருஷமாக அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவளுக்கு இப்போது கடல் தாண்டி ஒரு மேஸ்திரி.

அவர் ஏன் போகிறார் என்று மட்டும் நீ கேட்கவே இல்லை. விளக்கு போட்டதும் அப்பா கூடத்துக்குப் போய் அந்தப் பெட்டியில் நான்கு எண்களை அமுக்குவார். பீப் என்று கேட்டால் வீடு பத்திரம் என்று வந்து உட்காருவார். என் பெயர் அவருக்கு மறந்து ஒரு வருஷமாகிறது. சம்பளத்துக்கு வந்தவள் என்று நினைத்து, நேரமாகிவிட்டதே, வீட்டுக்குக் கிளம்பவில்லையா என்று மரியாதையாகக் கேட்கிறார். ஆனால் அந்த எண் மறக்கவில்லை. இப்போது அங்கே நான்கு திருகு ஓட்டைகள்தான். வெறும் சுவரை அமுக்குகிறார். சத்தம் வராததால் பயந்துபோய், வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். மறுபடியும் சுவர், மறுபடியும் வாசல். உன் போன் அடித்த நான்கு முறையும் இதுதான்.

நேற்று அந்த ஆளைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். நல்ல மனிதர், பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். எதோடும் இணைக்காமல், பழைய எண்ணுக்குச் சத்தம் மட்டும் வரும்படி பேட்டரி போட்டு, அதே ஓட்டைகளில் மாட்டிக் கொடுத்தார். சாயங்காலம் அப்பா அமுக்கினார், பீப் கேட்டது, வந்து உட்கார்ந்தார். கதவு திறக்கவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

மறந்துவிடாமல் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார் அந்த ஆள். தேவையில்லை என்றேன். அது நீ பிறந்த தேதியும் மாதமும். அலாரம் மாட்டிய அன்றே அப்பா வைத்தது. என்னுடையதை வைக்கவில்லையே என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் போகவில்லை.

நேற்று மூன்றாவது எண்ணில் அவர் விரல் கொஞ்சம் தடுமாறி நின்றது. உனக்கு ஒரு குறையும் வராமல் நல்லா இரு. அந்த எண் அவரிடம் இருக்கும்போதே ஒருமுறை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அக்கா