ஓடைச்சரிவின் ஏழு மரங்கள்

அத்திக்கானல் எஸ்டேட்,
வால்பாறை வழி.
8-2-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலாத்தாள் எழுதுகிறேன். நானும் அவரும் சுகம். நீங்களும் அண்ணி நங்கையாவும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்கு வருவதாகச் சொன்னீர்கள். உங்களுக்கென்று எடுத்து வைத்த கச்சாயப் பலகாரம் பூசணம் பிடித்ததுதான் மிச்சம்.

வெள்ளகோவிலில் தறி நொடித்துப்போய் நின்ற எங்களை உங்கள் எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டு மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் முழுக்க அழுதேன். இப்போது இந்தக் காடு பழகிவிட்டது.

வீட்டுக்கு மேலே நிற்கும் பெரிய மரத்துப் பொந்தில் இருவாச்சிப் பறவை அடைந்திருக்கிறது. கழுகைவிடப் பெரிசு. பெட்டை உள்ளே போய், வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நுழைகிற அளவு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே அதன் சிறகெல்லாம் கொட்டி முளைக்குமாம். சித்திரை கடைசிவரை வெளியே வராது என்று காப்பி பறிக்க வரும் வெள்ளையம்மாள் சொன்னாள். அதுவரை சேவல்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். தொண்டை நிறைய அத்திப்பழத்தை அடக்கி வந்து, ஒவ்வொன்றாகக் கக்கிக் கீறல் வழியே கொடுக்கிறது. இவர் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறார்.

நம் ஓடைச்சரிவில் ஏழு மரம் இருக்கிறதே, அத்தியும் இச்சியும், அதில்தான் இந்த மாசம் பழம். வேறு எதுவும் பழுக்கவில்லை. சோலைமந்திக் கூட்டம், மலையணில், பச்சைப்புறா எல்லாம் அங்கேதான். ஒருமுறை வந்து பாருங்கள், அண்ணா.

உங்கள் தங்கை,
வேலாத்தாள்


முதலிபாளையம்,
திருப்பூர்.
19-2-1992

அன்பு அம்மிணிக்கு,

கடிதம் கிடைத்தது. வராததற்குக் கோபிக்காதே. சாயப்பட்டறையை விட்டு நான் ஒரு நாள் நகர்ந்தால் எல்லாம் நின்றுபோகும்.

விறகு இல்லை, கண்ணு. காங்கயம், தாராபுரம் பக்கம் இருந்த வேலிகாத்தான் முள்மரத்தையெல்லாம் இங்கே இருக்கிற பட்டறைக்காரர்கள் அள்ளி முடித்துவிட்டார்கள். பாய்லரில் ஆவி இறங்கினால் சாயம் ஒழுங்காக ஏறாது. போன மாசம் ஒரே லாட் துணியில் மூன்று ஷேடு வந்து, வாங்குகிற பையர் திருப்பி அனுப்பிவிட்டான். இப்போது கையில் இருக்கும் ஆர்டர் மார்ச் 26-ஆம் தேதி கன்டெய்னரில் ஏறியாக வேண்டும். தவறினால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். ஐம்பது குடும்பம் என்னை நம்பி இருக்கிறது.

அதனால் மயில்சாமி மேஸ்திரியை ஆட்களோடு அனுப்புகிறேன். ஓடைச்சரிவு மரங்களை வெட்டச் சொல்லியிருக்கிறேன். பெர்மிட் கைக்கு வந்துவிட்டது. பலகைக்கும் ஆகாத மரம்தானே. பச்சையாக இருந்தாலும் காய்ந்த விறகோடு கலந்து எரித்துக்கொள்வேன். ஆட்களுக்குச் சோற்றுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்.

அண்ணன்,
அப்புசாமி


அத்திக்கானல்
26-2-1992

அண்ணா,

கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த ஏழு மரத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேல் எல்லையில் இருக்கும் சில்வர் ஓக்கை வெட்டிக்கொள்ளுங்கள். இவரே ஆள் வைத்து இறக்கித் தருகிறார்.

மயில்சாமி அண்ணன் வந்துவிட்டார். நல்ல மனுஷர். அவரும் சொல்கிறார், "பால் வடியற மரமுங்க அம்மிணி, சரியா எரியாதுங்க. மொதலாளி சொல்லிப்போட்டாரு, நா என்ன பண்றதுங்க?"

பெட்டை வெளியே வர முடியாமல் உள்ளே இருக்கிறது. குஞ்சு பொரித்துவிட்டது போலிருக்கிறது. கீச்சென்று ஒரு சத்தம் கேட்கிறது. வைகாசி பிறக்கட்டும், பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். இதுவரை உங்களிடம் எதையும் கேட்டதில்லை. சோறு போடுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று இவர் தயங்குகிறார். நான் தங்கை, நான் கேட்கிறேன்.

வேலாத்தாள்


திருப்பூர்
4-3-1992

அம்மிணிக்கு,

உன் கடிதத்தை நங்கையாவும் படித்தாள். "அந்தப் புள்ள மனசு நோகாம பாத்துக்குங்க" என்றாள். சரி. பறவை அடைந்திருக்கும் மரத்தை யாரும் தொடமாட்டார்கள். அடையாளத்துக்கு அடிமரத்தில் சுண்ணாம்பு அடித்து வைக்கச் சொல். கேட்டது நீ என்பதற்காக இதைச் செய்கிறேன்.

மற்ற மரங்களைப் பற்றி இனி எழுதாதே. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, அதில் கை வைக்க முடியாது. நீயும் இங்கே பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தவள்தானே, ஷிப்மென்ட் நெருங்கும்போது பட்டறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? நான் தூங்கிப் பத்து நாள் ஆகிறது.

அப்புசாமி


அத்திக்கானல்
19-3-1992
(விரைவுத் தபால்)

அண்ணா,

ஆறு மரம் விழுந்துவிட்டது. முதல் மரம் விழுந்தபோது கிளையில் பழம் இருந்தது. ஆட்கள் சோற்றுக்கு உட்கார்ந்ததும் மந்திகள் கீழே இறங்கி வந்து, விழுந்த மரத்தில் உட்கார்ந்து செங்காயைக்கூட விடாமல் தின்றன. தாய் மந்தி ஒன்று குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. தரையில் கால் வைக்காத ஜாதி அது, அண்ணா. இப்போது அந்தக் கூட்டம் ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

சுண்ணாம்பு அடித்த மரம் நிற்கிறது. நீங்கள் வாக்கு மாறவில்லை. ஆனால் அது வீடு மட்டும்தான். சோறு இருந்தது நீங்கள் வெட்டிய மரங்களில். இதை முன்னாலேயே எனக்குச் சரியாக எழுதத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் சேவல் நாளைக்கு ஐந்து ஆறு தரம் வரும். இப்போது இரண்டு தரம். நேற்று ஒரே தரம் வந்தது, ஏழு பழம்தான் கக்கியது. மலைக்கு அந்தப் பக்கம் போய் வருகிறது போலிருக்கிறது. கீறல் வழியே அலகு வெளியே நீண்டபடியே இருக்கிறது. குஞ்சு சத்தம் குறைந்துவிட்டது. இவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

ஏழில் பாறைமேல் நிற்கும் பெரிய இச்சி மட்டும் பாக்கி. கிளை முழுக்கப் பழம் திரண்டிருக்கிறது. அது ஒன்று நின்றால் போதும், சேவல் சமாளித்துவிடும். மயில்சாமி அண்ணன் சொன்னார்: "செவ்வாக்கெழம வரைக்கும் நா அதத் தொடலீங்க. பொதங்கெழம லாரி வந்துரும். அதுக்குள்ள அண்ணங்கிட்ட ஒரு வார்த்த வாங்கிப்போடுங்க."

போஸ்டாபீஸில் ட்ரங்க் கால் பதிந்து இரண்டு மணி நேரம் நின்றேன். லைன் கிடைக்கவில்லை. கடிதம் கண்டதும் தந்தி கொடுங்கள். "நிறுத்து" என்று ஒரு சொல் போதும். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

வேலா


பொள்ளாச்சி, பெரியாஸ்பத்திரி
30-3-1992

அண்ணா,

இவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பொழுது இறங்கும்வரை போஸ்டாபீஸ் வாசலிலேயே இருந்தேன். தந்தி வரவில்லை. "உங்கண்ணன் கொடுக்கமாட்டாரு புள்ள" என்றார் இவர். "எங்கண்ணன் அப்படி இல்லீங்க, தபால் லேட்டாயிருக்கும்ங்க" என்று சண்டை போட்டேன். புதன்கிழமை லாரி வந்தது, இச்சியும் போனது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து சேவல் வரவே இல்லை.

வியாழக்கிழமை காலையில் இவர் மலைக்கு அந்தப் பக்கம் போய், ஒரு பை அத்திப்பழம் பொறுக்கி வந்தார். மூங்கில் ஏணியைக் கட்டிக் கயிற்றைப் பிடித்து ஏறினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். கீறலில் ஒரு பழத்தை நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "வாங்குது புள்ள, வாங்குது!" என்று மேலேயிருந்து கத்தினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பை காலியானதும் இறங்கத் தொடங்கினார். கயிறு நழுவியது.

முதுகெலும்பு என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியவில்லை. முடிந்தால் வாருங்கள். எனக்கு யாருமில்லை.

வேலாத்தாள்


திருப்பூர்
6-4-1992

கண்ணு வேலாத்தா,

உங்களைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. பட்டறைக்குப் போனாலும் ஒரு வேலையும் ஓடவில்லை. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. "உங்க மேல தப்பில்லீங்கண்ணா. தபால் லேட்டு. நீங்க தந்தி குடுத்தீங்களே, அது போதும்ங்க." மாப்பிள்ளையும் படுக்கையிலிருந்து தலையை ஆட்டினார்.

தபால் தாமதமாகவில்லை, அம்மிணி. உன் கடிதம் திங்கட்கிழமை காலையிலேயே வந்தது. படித்தேன். இரண்டு தரம் படித்தேன். பாய்லருக்கு இரண்டு நாள் விறகுதான் பாக்கி. கடைசி லாட் சாய விஞ்ச் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த லாரியும் வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து, கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். கன்டெய்னர் கிளம்பிய மறுநாள், வெள்ளிக்கிழமை, "நிறுத்து" என்று தந்தி கொடுத்தேன். மரம் விழுந்திருக்கும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அவர் விழுந்திருப்பார் என்று சத்தியமாகத் தெரியாது.

உன்னிடம் இதை மறைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டாள் நங்கையா. மாப்பிள்ளையைக் கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அப்புசாமி


வெள்ளகோவில்
2-6-1992

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதிய மற்ற கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

எஸ்டேட் சாவியை மயில்சாமி அண்ணனிடம் கொடுத்துவிட்டோம். இங்கே இவருடைய அக்கா சுப்பாத்தாள் தன் வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார். நான் தறிக்கு நூல் தார் சுற்றும் வேலைக்குப் போகிறேன். இவருக்குக் கால் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடுவேன், அங்கேயே இருப்பார்.

இருவாச்சி என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். இவர் விழுந்த மூன்றாம் நாள் பெட்டை சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்ததாம். சிறகு பாதிதான் முளைத்திருந்ததாம். கிளை கிளையாகத் தத்திப் போனதை வெள்ளையம்மாள் பார்த்திருக்கிறாள். பிறகு யாரும் பார்க்கவில்லை. பொந்துக்குள் குஞ்சு செத்துக் கிடந்தது. இவரிடம் எல்லாம் பறந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

இவரிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று, "அண்ணன் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். தபால் லேட்டானதற்கு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார் என்றேன். "பாவம், அவரு என்ன பண்ணுவாரு" என்றார். உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அவருக்கு எழுந்து நடக்கிற நம்பிக்கை போய்விட்டது. மச்சான் நல்லவர் என்கிற நம்பிக்கையாவது இருக்கட்டும்.

இங்கே வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வராதீர்கள், அண்ணா. நீங்கள் வாசலில் வந்து நின்றால் அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். அப்போது என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

வேலாத்தாள்