பூக் கட்டிய பல் நூல்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மலர்விழிக்கு,

பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கிஷனும் சுகமாக இருப்பீர்கள், இங்கே நானும் இருக்கிறேன், இரண்டு பல் குறைவாக. ஃபோனில் சொல்லலாம் என்றால் பேஷண்ட் காத்திருக்காங்கம்மா, அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பல் இடுக்கைச் சுத்தம் பண்ண நீ அனுப்பிய பல் நூல் டப்பாக்கள் பதினொன்று அலமாரியில் அப்படியே கிடக்கின்றன. முதல் டப்பா வந்தபோது நல்ல உறுதியான நூலாக இருக்கிறதே என்று முருகன் படத்துக்கு மல்லிகை கட்டிப் போட்டேன். வீடியோ காலில் அதைப் பார்த்துச் சிரித்தாய், உன் கிளினிக் ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினாய், அவர்களும் சிரித்தார்கள். ஏன்டி, எனக்கென்ன தெரியும்? தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் ஷிப்ட் ஷிப்டாக நின்று உன்னைப் பல் டாக்டருக்குப் படிக்க வைத்தவள் நான், அன்றைக்குப் பிறகு அதை எப்படிப் போடுவது என்று உன்னிடம் கேட்க வெட்கமாகப் போய்விட்டது. நானாகவே போட்டேன், ரம்பம் அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்ததில் ஈறு கிழிந்து ரத்தம் கொட்டியது, பயந்துபோய் விட்டுவிட்டேன். ஃப்ளோஸ் பண்றியாம்மா என்று நீ கேட்பாய், பண்றேன்லா என்பேன், அதோடு முடிந்தது. அப்பா காரியத்துக்கு வந்துபோய் நாலு வருஷமாகிறது, வாயைத் திற, பார்க்கிறேன் என்று ஒரு தடவையாவது சொன்னாயா?

போன மாதம் கீழ்ப்பல் ஆட ஆரம்பித்தது. அரசாங்க கிளினிக்கில் ஈறு கெட்டுப்போச்சு என்று இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு. அங்கே சிந்து என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி, உன்னைவிடச் சின்னப் பெண், மருந்து கொடுத்த கையோடு என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். முழங்கை நீளத்துக்கு நூல் எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றி, பல்லைச் சுற்றி வளைத்து, ஈறுக்குக் கொஞ்சம் கீழே விட்டு மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டுமாம், ஒவ்வொரு இடுக்குக்கும் புது நூலாம். அறுக்காதீங்க ஆன்டி, மெதுவாலா, முதல்ல ரத்தம் வந்தா பயந்து விட்டுடாதீங்க, ஒரு வாரத்துல நின்னுடும் என்றாள். மொத்தமே ஐந்து நிமிஷம்தான்டி. அப்புறம், வீட்டுல பிள்ளைங்க யாரும் சொல்லித் தரலையா என்று கேட்டாள். மகள் பல் டாக்டர் என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறி வீட்டுக்கு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். ஆனாலும் திரும்பக் கேட்டால் அதையேதான் சொல்வேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க அந்த முருகன் துணை. கிஷனுக்குப் பால்பல் விழுகிற வயசு, அவனுக்காவது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடு. எனக்கு இனி டப்பா அனுப்பாதே. அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஃபோனும் போடாதே, வாய் நிறையப் பஞ்சு இருக்கும், பேச முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா
சீதாலெட்சுமி