வாளி நிரம்பும் நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, கோபமெல்லாம் இல்லை. தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். குளியலறைக் குழாயில் நூல் மாதிரி ஒழுகுகிறது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் பாதி நனைந்து உட்கார்ந்திருக்கிறாள்; நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். இன்றும் அலுவலகத்துக்குத் தாமதம். மேலாளர் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

மாலை அக்கா போனில்: "ஒரு குளியலுக்கே ஒரு மணி நேரம்னா உன் வேலை என்னத்துக்கு ஆகும்? முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம்டி. அந்த ரூமை அடுத்த வாரம் வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம்."

தண்ணீரைச் சரிசெய்துவிட்டால் அம்மா இங்கேயே இருக்கலாம் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. எதை எதோடு கட்டிவிட்டேன்?

மார்ச் 5

அளந்தேன். பத்து லிட்டர் வாளி, கைப்பேசிக் கடிகாரம். சமையலறைக் குழாயில் ஒரு நிமிடம். குளியலறையில் எட்டு. இரண்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே தொட்டி.

மார்ச் 6

களைப்பு.

மார்ச் 8, சனி

பிளம்பர் வந்தார். குழாயின் முனையைக் கழற்றி ஊதினார். அழுக்கு இல்லை. பிறகு குனிந்து, கீழே சுவரோரம் இருந்த சின்ன வால்வைத் திருகினார். தண்ணீர் சீறியது.

"முக்கால்வாசி மூடியிருக்கு மேடம். யாரு மூடுனது?"

"யாரும் தொடலையே."

"அப்ப வால்வுக்குக் கை முளைச்சிருக்கும்."

படுக்கையிலிருந்து அம்மா: "பேசிக்கிட்டே நிக்காம தம்பிக்கு ஒரு டீ போட்டுக் குடுடி."

மறுபடி அளந்தேன். ஒரு நிமிடமும் கொஞ்சமும். அக்காவுக்கும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி நூல்.

வாளி நிரம்பும்வரை அம்மா பேசினாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூர் லைனுக்குக் காத்திருப்பவர்களைப் பிடித்துவைப்பது ஒரு வித்தையாம். "சும்மா விட்டா வச்சுட்டுப் போயிடுவாங்க. நடுநடுவுல குரல் குடுக்கணும். 'இருங்க, இதோ கிடைச்சுடும்'னு." ஒரு ஆள், தம்பியிடம் பேசவேண்டுமென்று ஒரு மாலை முழுக்கக் காத்திருந்தானாம். அதற்குள் வாளி நிரம்பிவிட்டது. தலையில் தண்ணீரை ஊற்றினேன்.

மார்ச் 11

பிளம்பரை அழைத்தேன். "முதல்ல வால்வைப் பாருங்க" என்றார். பார்த்தேன். மூடியிருந்தது. திறந்துவிட்டேன்.

இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் மூடவில்லை.

மார்ச் 12

துண்டு எடுக்கத் திரும்பியபோது கண்ணாடியில் தெரிந்தது. அம்மாவின் இடது கை நாற்காலியிலிருந்து இறங்கி, பார்க்காமலேயே வால்வைத் திருகியது. பழகிய கை.

கத்திவிட்டேன். "என்னம்மா பண்ற? என் வேலை போயிடும். அக்கா உன்னை ஹோம்ல சேர்த்துடுவா. இதுக்கா நான் நாயா அலையறேன்?"

அவள் உடம்பெல்லாம் சோப்பு நுரை. "தண்ணி வேகமா வந்தா நீயும் வேகமா போயிடுவ. மத்த நேரம் மாத்திரை குடுக்க மட்டும்தானே வர்ற."

"குளிரலையா உனக்கு?"

"குளிருதுதான்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலுப்புதான் வந்தது — அவள்மேலா, என்மேலா? துடைத்துவிட்டேன்.

மார்ச் 13

அக்கா: "என்னடி முடிவு?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

அவள் பார்க்கும்படி வால்வை முழுக்கத் திறந்தேன். வாளி நிரம்பி வழிந்தது. குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றி — அரை மணிகூட ஆகவில்லை. ரூம் வேண்டாம் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

அம்மா ஈரத் தலையோடு கட்டிலில் இருந்தாள். தோளில் மாட்டிய என் பையையே பார்த்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பையைக் கழற்றினேன். வாளியைக் கொண்டுவந்து கட்டிலருகே கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அந்த ஆளுக்கு லைன் கிடைத்ததா என்று கேட்டேன்.