கண்ணாடியை இறக்கக் கூடாது

மிட்சம், லண்டன்
8.9.1993

அன்புள்ள கனகவல்லி அக்காவுக்கு,

சுலோச்சனா எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை பதில் தெரிந்துகொண்டே கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே நாங்கள் நான்கு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம்.

அம்மாவின் செய்தி கிடைத்துவிட்டது. எங்கள் ஊர்ச் செபமாலைமுத்தர் கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த உடனேயே ரெலிபோன் எடுத்தாராம். அதற்குள் நீங்கள் அம்மாவை எடுத்து, எட்டாம் நாள் செலவும் செய்து முடித்துவிட்டீர்கள். அவரில் ஒரு குறையும் இல்லை. அங்கே ரெலிபோனும் இல்லை, பாதையும் அப்படி. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நான் வேலையில் நின்றேன். ரெலிபோனை எடுத்தது இவர். எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை. இடையில் நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மறுநாள் பிள்ளைகளோடு ஒரு பயணம் போவதாக இருந்தது. லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய பூங்கா. சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் கூடு இல்லாமல் வெளியில் திரியும், நாங்கள் வாகனத்தை ஓட்டிக்கொண்டே அவற்றின் நடுவால் போய்ப் பார்க்கலாம். தர்மினியும் கபிலனும் இரண்டு வருடமாக அரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்திருந்தார். அக்கா, நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். வாகனத்துக்குள்ளேயே அடுப்பு, குளிர்பெட்டி, மடக்குக் கட்டில், கக்கூஸ். நாங்கள் வந்த புதிதில் இருந்த அறையைவிட அது வசதி.

சனிக்கிழமை காலை சில்லுகளுக்குக் கீழே வைக்கத் தேசிக்காய் எடுத்து வந்தேன். இவர் பழைய சைக்கிள் வாங்கினாலும் தேங்காய் உடைக்கிற மனிதன். அன்றைக்கு, “உதொண்டும் இப்ப வேண்டாம், நேரம் போட்டுது” என்றார். முன்கண்ணாடிக்குக் கீழே நான் வைத்த பிள்ளையார் படத்தையும் எடுத்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். ரோட்டை மறைக்கிறதாம். வெள்ளைக்காரரோடு வேலை செய்து மாறிப்போய்விட்டார் என்று பகிடி பண்ணினேன்.

அன்று பூங்காவுக்குப் பக்கத்திலே வாகனங்கள் தங்கும் புல்வெளியில் நின்றோம். புட்டு அவித்து, கோழிக்கறி வைத்தேன். தனக்கு வயிறு சரியில்லை என்று இவர் பாணும் தேத்தண்ணியும் மட்டும் எடுத்தார். நான் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். பக்கத்து வாகனத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி மணம் பிடித்து வந்து ஒரு கோப்பையில் கறி வாங்கிப்போய், பிறகு தண்ணீர் கேட்டு ஓடி வந்தா. அதை நடித்துக் காட்டி நான் சிரித்த சிரிப்பு! இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா பார்க்கிறீங்கள் என்று கேட்டதற்கு, “ஒண்டுமில்லை, நீ சிரி” என்றார்.

அடுத்த நாள் பூங்காவுக்குள் போனோம். கண்ணாடியை இறக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது என்று வாசலிலே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்துவிட்டுச் சிங்கங்களின் பகுதிக்கு வந்தோம். அவை படுத்துக் கிடந்தன. இதை ரீவியிலேயே பார்த்திருக்கலாம் என்று கபிலன் முகத்தை நீட்டினான். ஒரு சுற்று முடிந்தது. இவர் மறுபடியும் உள்ளே திருப்பினார். பிறகும் ஒரு சுற்று. பிள்ளைகள் அலுத்துப்போய்ப் பின்னால் காட்ஸ் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். போதும், வீட்டுக்குப் போவம் என்று சொன்னேன். தலையாட்டினார். ஆனால் வெளியே போகும் பாதை வந்ததும் திரும்பவும் சிங்கங்கள் பக்கம் வெட்டினார். அவர் சிங்கத்தைப் பார்க்கவேயில்லை. மூன்று நாள் சவரம் செய்யாத முகம். அப்போதுதான் ஒவ்வொன்றாக மனதில் வந்தது. தேசிக்காய் வேண்டாம் என்றது, சாமிப்படத்தை எடுத்தது, கோழியைத் தொடாதது. செத்தவீட்டுத் துடக்குக் காக்கிறவர்கள்தான் அப்படி இருப்பார்கள்.

“ஆர்?” என்று கேட்டேன்.

ரோட்டைப் பார்த்தபடியே, “மாமி” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிங்கம் எழும்பி வந்து எங்கள் முன்சில்லுக்குப் பக்கத்தில் படுத்தது. அது போகும்வரை வாகனத்தை எடுக்க ஏலாது. பிள்ளைகள் ஓடிவந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அம்மா பாருங்கோ, அம்மா பாருங்கோ என்று துள்ளினார்கள். நானும் பார்த்தேன். அதன் காதில் ஒரு ஈ இருந்தது. பிறகு காவலாள் ஜீப்பில் வந்து கோர்ன் அடித்து அதை எழுப்பினான். நான் கையை உயர்த்தி அவனுக்கு நன்றி சொன்னேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை அக்கா. வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். சமைக்கிறேன். வேலைக்குப் போகிறேன், கடையில் மீதிக்காசு பிழையில்லாமல் கொடுக்கிறேன். துக்கம் விசாரிக்க வந்த சனத்திடம் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். எனக்கே அப்படித்தான் படுகிறது.

ஏன் மறைத்தீர்கள் என்று இவரிடம் கேட்டேன். “இன்னும் ரெண்டு நாள் உனக்கு அம்மா இருக்கட்டும் எண்டு விட்டன்” என்றார். சொல்லிவிட்டு அவர் அழுதார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதன்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் துடக்குக்குள் என்னை மச்சம் சாப்பிட விட்டாரே. சிரிக்க விட்டாரே. கோபம் வந்தாலாவது பரவாயில்லை, அதுவும் வருவதில்லை.

நெஞ்சுவருத்தம், நித்திரையிலேயே போய்விட்டா என்று செபமாலைமுத்தர் சொன்னதாக இவர் சொல்கிறார். இரண்டு நாள் மறைக்கத் தெரிந்தவருக்கு இன்னொன்றை மறைக்கத் தெரியாதா? உங்கள் பக்கம் அந்தக் கிழமை பொம்பர் வந்து குண்டு போட்டதாக இங்கே சனம் கதைக்கிறது. உண்மையை நீங்கள் எழுதுங்கள். அம்மாவை யார் குளிப்பாட்டினது, எந்தச் சீலை உடுத்தினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். முகம் பார்க்கக்கூடியதாக இருந்ததா என்றும் எழுதுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைச் செபமாலைமுத்தரின் கொழும்பு விலாசத்துக்கு அனுப்புகிறேன். திரும்பிப் போகும்போது கொண்டுவந்து தருவார். அவருக்கும் ஒரு துண்டு எழுதி வைத்திருக்கிறேன். இனி அங்கிருந்து என்ன செய்தி என்றாலும் என்னைக் கூப்பிட்டு என்னிடமே சொல்ல வேண்டும், இவரிடம் சொல்லக் கூடாது என்று. எழுதி முடித்த பிறகுதான் யோசித்தேன். ஐயா முன்பே போய்விட்டார். இப்போது அம்மாவும் இல்லை. இனி அங்கிருந்து எனக்கு அப்படி ஒரு செய்தி வருவதென்றால் யாரைப் பற்றி வரும்?

பிளேன் சத்தம் கேட்டால் அடுப்பில் என்ன கிடந்தாலும் விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடுங்கள் அக்கா. கறி கருகினால் கருகட்டும். ஓடுங்கள்.

உங்கள் தங்கை,
சுலோ