ஈரத்துக்குக் கழித்த புள்ளிகள்

அன்புள்ள அம்மாவுக்கு, கம்பஸிலிருந்து ஜெயந்தினி. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். என் கட்டுரையை ஏஐ எழுதியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் விரிவுரையாளர் இருபது புள்ளி கழித்துவிட்டார். மழை நாளில் நீங்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது ஈரமென்று இரண்டு கிலோ கழிப்பார்களே, அப்படித்தான். "இதை நீங்கதானா எழுதினீங்க?" என்று கேட்டார். "பேசுனா நாளைக்கு இன்னும் கழிப்பாங்க" என்று நீங்கள் சொல்வது ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்து நின்றேன். அதையே ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்.

மாதக் கடைசிக்குள் மேன்முறையீடு செய்யலாம். கட்டுரையை நான் முதலில் கையால் எழுதிப் பார்த்த நீலக் கொப்பி வீட்டில் என் பெட்டியில் இருக்கும். மஸ்கெலியா டவுனுக்குப் போகும்போது தபாலில் போடுங்கள். கொஞ்சம் தேயிலைத்தூளும் வையுங்கள். இங்கே தேநீர் தொண்டையில் இறங்குவதில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அடுத்த முறை கழிக்கும்போது, எவ்வளவு ஈரம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அம்மா. கேட்டீர்களா என்று எழுதுங்கள். பிறகு நானும் போய்க் கேட்கிறேன்.

ஜெயந்தினி