அளக்காத நாளின் எண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா நன்றாக இருக்கிறார், முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். செய்தித்தாளை வரி விடாமல் படித்துவிட்டு உள்ளே ஒன்றுமே இல்லை என்று என்னிடம் குறைப்படும் அளவுக்கு நலம். நானும் நலம்தான், மனசு தவிர. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு எவ்வளவு இன்சுலின் போடுவது என்று சொல்ல நீ எழுதித் தந்த ஆப்பினால்தான் அவர் சரிந்து விழுந்தார் என்று நினைத்து மூன்று நாளாகத் தப்பைத் தேடுகிறாய். கிடைக்கவில்லை, திங்கட்கிழமை, அந்த ஆப்பை எழுதிய ஃபங்ஷனல் புரோகிராம் மொழியே வேண்டாம் என்று ஆபீஸில் சொல்லிவிடப்போகிறேன் என்றாய். அந்த மொழியை ஆபீஸில் கொண்டுவர இரண்டு வருஷம் மேலாளரோடு மல்லுக்கட்டியவள் நீ. நான் பாவி, உம் கொட்டிக்கொண்டு நின்றேன்.

தேடாதே கண்ணு. தப்பு என்னுடையது. அன்றைக்குச் சர்க்கரை அளக்கும் பட்டை தீர்ந்துபோயிருந்தது. நம் தையல் கடையில் மூன்று சட்டை வெட்டாமல் கிடந்தது, ஆள் வேறு வாசலில் நின்றார். உன் ஆப், அளந்தீர்களா இல்லையா என்று கேட்டது. இல்லை என்றால் டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறது, வெறுமனே விட்டால் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்கிறது. உங்க பொண்ணு மாதிரியே பிடிவாதம் என்று அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். பழகிய வாடிக்கைக்காரருக்குப் போன தடவை அளவிலேயே வெட்டிவிடுவேனே, அந்தக் கைப்பழக்கத்தில் முந்தின நாள் அளந்த எண்ணையே தட்டிவிட்டேன். முந்தின ராத்திரி அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டதை, அதனால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்பதை யோசிக்கவே இல்லை. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நாற்காலியிலிருந்து சரிந்தார். நல்லவேளை, நினைவு இருந்தது. பக்கத்துக் கடை மெக்கானிக் தாங்கிப் பிடிக்க, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அவசரத்தில் பாதி அவர் சட்டையில்தான் போயிற்று.

நேற்று டாக்டர் தன் கணினியில் உன் ஆப்பின் பக்கத்தைத் திறந்தார், கண்ணிமைப்பதற்குள் வந்துவிட்டது. உன் மொழியில் எழுதியது அழியாது, புதியதைப் பக்கத்தில்தான் எழுதும் என்பாயே, அப்படியே வரிசையாக நின்றது. இரண்டு நாளும் ஒரே எண். டாக்டர் என்னைப் பார்த்தார், உண்மையைக் கக்கிவிட்டேன். திட்டவில்லை, பட்டை தீர்ந்தா ஒரு போன் போடுங்கம்மா என்றார். அந்த இரண்டு எண்ணையும் நீயும் பார்த்திருப்பாய். அம்மா பொய் எழுதுவாள் என்று உனக்குத் தோன்றியிருக்காது.

எந்த மொழியில் எழுதுவது என்பது உன் இஷ்டம், எனக்கு என்ன தெரியும். ஆனால் என் பொய்யை வைத்து முடிவு செய்துவிடாதே, திங்கட்கிழமைக்கு முன் இதைப் படித்துவிடு. நடக்கக்கூடிய எல்லா வழிக்கும் பதில் எழுதாவிட்டால் அந்த மொழி புரோகிராமை ஓடவே விடாது என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். பெற்றவள் பொய் சொல்லும் வழி ஒன்றைத்தான் நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். அதை எழுதவும் வேண்டாம் கண்ணு, இனி தேவைப்படாது. நீ நீடூழி வாழ வேண்டும், நன்றாகத் தூங்கு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அம்மா