வேலைநிறுத்தம் பற்றிப் பேசக் கூடாதாம்

பிப்ரவரி 4, செவ்வாய்
பிரெஞ்சு வாய்மொழித் தேர்வுக்கு இன்று தலைப்பு கொடுத்தோம். பள்ளியில் கடைசி வருடம், பிரெஞ்சுக்கு நாங்கள் ஆறே பேர். மற்றவர்கள் சினிமா, ஓவியம், ஃபேஷன். நான் எழுதியது: பிரான்ஸில் வேலைநிறுத்தம். பிரெஞ்சு மேடம் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். வம்பு பிடித்த தலைப்பு, தேர்வாளருக்குப் பிடிக்காவிட்டால் மதிப்பெண் போச்சு, அழகான விஷயமாக எடு என்றார். பாடப்புத்தகத்தில் வேலைநிறுத்தத்துக்கென்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. புத்தகத்துல இருக்கலாம், என் வாயில வரக் கூடாதா?

பிப்ரவரி 5
அதே தலைப்பைத் திரும்பக் கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்
அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கிடையாது. பெண் டிரைவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறார்கள். சங்கத்தின் கோரிக்கைகளை அம்மா சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். கழிப்பறை வேண்டும். பத்து நிமிட இடைவேளை வேண்டும். பிரெஞ்சில் 'வேண்டும்' என்று வந்தால் அடுத்த வினைச்சொல்லின் உருவமே மாறிவிடும். இரண்டு வருடமாக எனக்கு அது தலைவலி. பதினோரு கோரிக்கையையும் பிரெஞ்சில் எழுதிப் பார்த்தேன். இனிமே தப்பாது.

ஏப்ரல் 23, புதன்
நாளை மறுநாள் தேர்வு. நாளையிலிருந்து பஸ் ஓடாது. அம்மா மென்று விழுங்கித்தான் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் எதுக்கு? இவ்வளவு படிச்சும் முதல்ல என் பாட்டைத்தானே பார்க்கிறேன் — சீ.
"உனக்காக நான் மட்டும் வண்டி எடுக்கட்டுமா?" என்றாள்.
"எடுத்தா உன்கூடப் பேச மாட்டேன்."

ஏப்ரல் 25, வெள்ளி
ஏழு கிலோமீட்டர் நடை. குதிகாலில் கொப்புளம். தேர்வாளர் வெளியூர்க்காரர், முகத்தில் சிரிப்பே இல்லை. பத்து நிமிடம் கேட்டுவிட்டு, வேலைநிறுத்தத்தால் தேர்வுக்கு வர முடியாத மாணவிக்கு உன் பதில் என்ன என்றார்.
"அந்த மாணவி நான்தான் ஐயா. நடந்து வந்தேன்" என்றேன் பிரெஞ்சில்.
அப்புறம் காரணத்தையும் சொன்னேன். தண்ணீர் குடிக்காத அம்மாவையும் சொன்னேன். இரண்டு இடத்தில் வினைச்சொல் இடறியது, பிடித்துக்கொண்டேன். நேரம் முடிந்தது என்றார். வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏப்ரல் 26
யார் சொன்னார்களோ, மேடம் போனில் கேட்டார், தேர்வில் அம்மாவை எதுக்கு இழுத்தாய் என்று. இழுக்கலை மேடம், தலைப்பிலேயே அவங்க இருந்தாங்க என்றேன். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்
வாய்மொழியில் வகுப்பில் இரண்டாவது. எழுத்தில் சுமார். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுக்கு இடம் கிடைத்துவிட்டது. மேடம் வாழ்த்தினார், ஓவியம் எடுத்திருந்தால் முதலிடம் என்றும் சொன்னார். இருக்கட்டும்.

திரும்பி வந்தது அம்மாவின் வண்டியில். கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனாள். அங்கே புதுக் கதவு, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று ஒரு பயணி என்னிடம் சலித்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் ஆகும், உட்காருங்க என்றேன்.